உறவிலிப் பக்கங்கள்: துண்டு முறையிலிருந்து பேக்லிங்க் வரை

சப்ரகமுவத் தோட்டங்களின் கதைகளை எழுதிவைக்க ஒரு இணையத்தளம் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகிறது. இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டத்துத் தோட்டங்களுக்கும் போய், வயசானவர்களிடம் உட்கார்ந்து பேசி, கேட்டதை எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் எங்களில் ஒருத்தி, 1981 ஆகஸ்ட்டில் காவத்தைப் பக்கம் நடந்தது பற்றி நாங்களே எழுதிய பக்கத்தைக் கூகுளில் தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஐந்தாவது வரைக்கும் போயும் கிடைக்கவில்லை. கட்டுரையின் தலைப்பை எழுத்துப் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடின பிறகுதான் வந்தது. இப்படி ஒரு பக்கம் இருக்கு என்று முன்னாடியே தெரிந்தவருக்கு மட்டும்தான் அது இருக்கிறது.

அதே வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 500 பேக்லிங்க் கட்டித் தருகிறார்களாம், 40 டொலராம், மூன்றே வாரத்தில் முதல் பக்கமாம். எங்கள் வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை. 'ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சுது, பக்கம் நாலு பேர் கண்ணுல படட்டும்' என்றது ஒரு பக்கம். 'காசு குடுத்து வாங்கினா அது என்ன லிங்க்?' என்றது இன்னொரு பக்கம். நடுவில் ஒரு தம்பி கேட்டான்: 'அது சரி, லிங்க்குக்கு எதுக்குக் காசு? யார் இதுக்கு விலை வெச்சது?'

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

பேர் விழுறதும் துண்டும்

பேக்லிங்க் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேறொரு தளம் நம்முடைய பக்கத்தைச் சுட்டி ஒரு இணைப்புக் கொடுத்தால், அது நமக்கு பேக்லிங்க். நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது இதில் சேராது, மற்றவர் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நியாயம் புதுசில்லை. மலையில் நாள் முழுக்க நின்றாலும் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அது வேலை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நான் நின்றேன், நான் பறித்தேன் என்று தொழிலாளி சொல்வது கணக்கில் வராது. எழுதுகிறவர் எழுதியதுதான் கணக்கு.

இதைவிட நெருக்கமான முன்கதை ஒன்று இருக்கிறது. அதுதான் துண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்த பெரிய கங்காணி, தன் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளி ஆக்கினார். அவரே தோட்டத்துக்குக் கடன்பட்டிருந்தார். ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இருக்கிற தோட்டத்துத் துரையிடமிருந்து ஒரு துண்டு வேண்டும். இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று எழுதிய கடதாசி அது. கங்காணி அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். புதிய துரை கடனைக் கட்டினால் கூட்டம் இடம் மாறும். பால் வெட்டுவதில் யார் கெட்டிக்காரர், கொழுந்தில் யாருக்குக் கை வேகம் என்பதற்கு அந்தக் கடதாசியில் இடமில்லை. தலைக்கணக்கும் தொகையும்தான்.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சப்ரகமுவவில் இறப்பர் வேகமாகப் பரவியது. ஆளுக்குப் போட்டி வந்தது. போட்டி வந்ததும் துண்டில் எழுதும் தொகை ஏறியது. துண்டே ஒரு சரக்கானது. வாங்கினார்கள், விற்றார்கள், பேரம் பேசினார்கள். ஏறின தொகை அத்தனையும் கடைசியில் தொழிலாளியின் தலையில் கடனாக உட்கார்ந்தது. 1921ஆம் ஆண்டின் சட்டம்தான் துண்டு முறைக்கு முடிவு கட்டியது.

ஒருவருக்காக இன்னொருவர் தரும் சீட்டுக்குச் சந்தையில் விலை வந்துவிட்டால், அந்தச் சீட்டு ஆளைப் பற்றி எதையும் சொல்லாது, விலையை மட்டும்தான் சொல்லும். பேக்லிங்கின் கதையும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறது.

மேற்கோளில் பிறந்த எண்ணம்

1873இல் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வக்கீல்களுக்காக ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று பட்டியல் போட்டு, பசை தடவிய சீட்டுகளாக அச்சடித்து விற்றார். வக்கீல்கள் அதைச் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா, அதைப் பின்னால் வந்தவர்கள் மதித்தார்களா என்று ஒரு பார்வையில் தெரிந்தது.

இதைப் பார்த்த யூஜின் கார்ஃபீல்ட், அறிவியல் கட்டுரைகளுக்கும் இப்படிச் செய்யலாமே என்று 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். 1960களின் நடுவில் அவருடைய அறிவியல் மேற்கோள் சுட்டி வெளியாகத் தொடங்கியது. ஒரு கட்டுரை யாரை மேற்கோள் காட்டுகிறது என்பதைக் கட்டுரையைத் திறந்தாலே பார்த்துவிடலாம். அந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தெரிய வேண்டுமானால் மற்ற எல்லாக் கட்டுரைகளையும் திறந்து பார்க்க வேண்டும். கார்ஃபீல்ட் அந்த இரண்டாவது வேலையைச் செய்தார்.

இணையத்திலும் இதே சிக்கல் இருந்தது. 1989இல் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ முன்வைத்த வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. நான் உன்னைச் சுட்டினால் அது உனக்குத் தெரியாது. அதற்கு முன்பே டெட் நெல்சன் என்பவர் இரண்டு முனைக்கும் தெரிகிற இணைப்பைக் கனவு கண்டிருந்தார். அது பரவவில்லை. ஒருவழி இணைப்பு எளிது, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அதனால்தான் வலை இவ்வளவு வேகமாகப் பெருகியது. ஆனால் நம்மை யார் சுட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, முழு வலையையும் படித்துப் பார்க்கும் ஒரு இயந்திரம் தேவைப்பட்டது.

1990களின் நடுவில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருக்கும் சொற்களைத்தான் பார்த்தன. ஒரு சொல் பல தடவை வந்தால், அந்தப் பக்கம் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டன. உடனே ஆட்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு தடவை ஒளித்து வைத்தார்கள். தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பினால் அப்படித்தான் ஆகும்.

1996இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் சேர்ஜி பிரினும் செய்யத் தொடங்கிய தேடுபொறிக்கு முதலில் இட்ட பெயர் ‘பேக்ரப்’. பேக்லிங்குகளைப் பார்த்து மதிப்பிட்டதால் அந்தப் பெயர். 1998இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதே வருடம் கூகுள் நிறுவனமானது. அவர்களுடைய பேஜ்ரேங்க் கணக்கின் சாரம் இதுதான்: ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்பு வருகிறது என்று எண்ணினால் போதாது, அந்த இணைப்பைக் கொடுப்பவருக்கு எவ்வளவு மதிப்பு என்றும் பார்க்க வேண்டும். மதிப்புள்ள ஒருவர் இரண்டே பேரைச் சுட்டினால் ஆளுக்குப் பாதி போய்ச் சேரும். அவரே நூறு பேரைச் சுட்டினால் ஆளுக்கு நூறில் ஒரு பங்குதான். எல்லாருக்கும் நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுக்கிற தலைவரின் கடிதத்துக்கு ஊரில் என்ன மதிப்போ, அதே மதிப்புத்தான் கூகுளிலும்.

லிங்க் சந்தை

பேஜ்ரேங்க் நன்றாக வேலை செய்தது. நன்றாக வேலை செய்ததே அதற்கு வினையானது. இணைப்பு இருந்தால் மேலே போகலாம் என்று தெரிந்ததும் இணைப்புக்கு விலை வந்தது. ஒன்றையொன்று சுட்டிக்கொள்வதற்காகவே நூற்றுக்கணக்கான வெற்றுத் தளங்களைக் கட்டினார்கள். வலைப்பதிவுகளின் மறுமொழிப் பெட்டியில் இயந்திரங்கள் வந்து மருந்துக்கடை, சூதாட்ட இணைப்புகளைக் கொட்டிவிட்டுப் போயின. அந்தக் காலத்தில் தமிழில் பதிவு எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், காலையில் எழும்பி அந்தக் குப்பையைக் கூட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை.

2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியைக் கொண்டுவந்தன. இந்த இணைப்பை நான் போட்டிருக்கிறேன், ஆனால் இதற்கு நான் பொறுப்பில்லை என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவும் தன் வெளியிணைப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தக் குறியைப் போட்டது. அதனால், விக்கிப்பீடியாவில் போய் நம்ம லிங்க்கைச் சொருகினால் ரேங்க் ஏறிவிடும் என்று இன்றைக்கும் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

2011 பெப்ரவரியில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ ஒரு செய்தி போட்டது. ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை, அதற்கு முந்திய பண்டிகைக் காலத்தில் உடுப்பு, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் மேலே நின்றது. தோண்டிப் பார்த்தால், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு இணைப்பு நட்டிருந்தார்கள். கூகுள் அதைக் கீழே தள்ளியது. கடை தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்தை நீக்கியது.

2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3 சதவீதத்தை அது பாதித்தது. வாங்கின இணைப்புகளால் மேலே ஏறியிருந்த தளங்கள் விழுந்தன. அதே வருடம் ஒக்டோபரில் ‘இந்த இணைப்புகள் எனக்கு வேண்டாம்’ என்று தளக்காரரே எழுதிக் கொடுக்கும் வசதியும் வந்தது. காசு கொடுத்து வாங்கினவர்கள், அதைக் கழற்றுவதற்கும் ஆள் வைத்துக் காசு கொடுத்தார்கள். 2016க்குப் பிறகு கூகுள் பெரும்பாலும் தண்டிப்பதைவிட, அப்படிப்பட்ட இணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அப்படியென்றால் எங்களுக்கு வந்த 500 இணைப்பும் அநேகமாக அரைப்பேருக்குக்கூட உதவாது. 40 டொலரும் போயிருக்கும்.

தமிழ் வலை எப்படி இணைத்துக்கொண்டது

இதெல்லாம் அமெரிக்கக் கடைகளின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் தமிழ் வலைக்கும் இணைப்பின் வரலாறு ஒன்று உண்டு. அது காசில் கட்டியதில்லை.

2003, 2004இல் தமிழில் பதிவு எழுதியவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒவ்வொருவரும் தன் பக்கத்தின் ஓரத்தில் மற்றவர்களின் பட்டியலை வைத்திருந்தார்கள். புதுசாக ஒருவர் வந்தால் நாலு பேர் வரவேற்று இணைப்புக் கொடுப்பார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி இதை ஒரு முறையாக்கியது. கொழும்பில் எழுதினாலும் கனடாவில் எழுதினாலும் கோவையில் எழுதினாலும் பதிவு அதே முகப்பில் வந்து நின்றது. நாம் எழுதியதை மறுத்து இன்னொருவர் பதிவு போடுவார், அதில் நம் பதிவுக்கு இணைப்பு இருக்கும். சண்டைகூட ஒரு பேக்லிங்க்தான்.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதன் அடித்தளத்தைப் போட்டார். 2005இல் ‘நூலகம்’ தளம் வந்தது. ஈழத்து, மலையக நூல்களும் இதழ்களும் மின்வடிவில் அங்கே சேரத் தொடங்கின. ஒரு பழைய புத்தகத்தை ஆதாரமாகக் காட்ட வேண்டுமென்றால், சுட்டுவதற்கு ஒரு முகவரி கிடைத்தது. இது சின்ன விஷயமில்லை. சுட்டுவதற்கு இடமில்லாதவற்றை யாரும் சுட்ட மாட்டார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இரண்டு சின்ன வசதிகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ‘இப்பக்கத்தை இணைத்தவை’. அதை அழுத்தினால் விக்கிக்குள் அந்தப் பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று காட்டும். பேக்லிங்க் என்பதற்கு நாங்கள் பார்த்ததில் நல்ல தமிழ் இதுதான். இன்னொன்று, வேறு எந்தப் பக்கமும் சுட்டாத பக்கங்களின் பட்டியல். ஆங்கிலத்தில் அதற்கு ‘தனித்த’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். தமிழில் வைத்த பெயர் ‘உறவிலிப் பக்கங்கள்’. பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஆள் தனியாக இருக்கலாம், அது குற்றமில்லை. உறவில்லை என்றால் ஊரில் நம்மைக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம்.

பிறகு பேஸ்புக் வந்தது. எழுதியவர்களும் படித்தவர்களும் அங்கே போனார்கள். திரட்டிகள் ஓய்ந்தன. இப்போது எங்கள் கட்டுரை ஒன்றை முந்நூறு பேர் பேஸ்புக்கில் பகிர்ந்தாலும், அது தேடுபொறியின் கணக்கில் பேக்லிங்காக நிற்பதில்லை. வட்ஸ்அப்பில் போனது அந்தக் குழுவுக்குள்ளேயே முடிந்துவிடும். நம்ம ஆட்கள் பகிராமல் இல்லை. பகிர்வது எல்லாம் பதிவில் விழாத இடத்தில் நடக்கிறது. மலையில் வேலை, செக்ரோலில் பேரில்லை.

1981இல் எரிந்தவை

இப்போது எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வருவோம்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணத்தில் வன்முறை தொடங்கி, நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அதற்குப் புத்தகங்கள் வந்தன, ஆவணப்படம் வந்தது, கவிதைகள் வந்தன. ஒவ்வொரு வருடமும் நினைவுக் கட்டுரைகள் வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைச் சுட்டுகிறது. அப்படித்தான் வர வேண்டும், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அதே வருடம் ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் தமிழர் கடைகளும் தோட்டத்து லயங்களும் தாக்கப்பட்டன. சனம் காட்டுக்குள் ஒளிந்து, முகாமுக்குப் போய், பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1977இல் அடிபட்டுப் போனவர்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியேற்ற உதவியது. சர்வதேச சட்ட வல்லுநர் ஆணைக்குழுவுக்காக வேர்ஜினியா லியரி அந்த வருடம் இலங்கை வந்து எழுதிய அறிக்கை ஆகஸ்ட் வன்முறையையும் பதிவு செய்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், மனித உரிமை அறிக்கைகளின் அலமாரியில் இருக்கிறது. ‘1981 வன்முறை’ என்று நாங்கள் தமிழில் தேடியபோது எங்களுக்கு வந்தது எல்லாமே நூலகம்தான். இரண்டு மாதம் கழித்து எரிந்த லயங்கள் வரவே இல்லை.

இதில் யாரும் சதி செய்யவில்லை. 1999இல் பராபாஸி, ஆல்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வலை எப்படி வளர்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். புதிதாக இணைப்புக் கொடுக்கிறவர் ஏற்கனவே நிறைய இணைப்பு உள்ளவருக்கே கொடுக்கிறார் என்பது அவர்கள் கண்டது. கண்ணில் படுவதைத்தான் சுட்ட முடியும், சுட்டப்படுவதுதான் கண்ணில் படும். பணம் பணத்தோடு சேர்கிற மாதிரிதான். இருக்கிறவனுக்கே சேர்கிறது.

2016 மே 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேகாலை மாவட்டம், அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன. உலகச் செய்தி எல்லாம் அந்தப் பெயரைச் சொன்னது. அதே நாளில் அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தில் இருந்தவர்களைக் கொண்டுபோனது. செய்திகளில் அது அரநாயக்கவுக்குப் பின்னால் வரும் ஒரு வரி. பெரிய பெயரில்தான் இணைப்புகள் சேர்கின்றன. சின்னப் பெயர் அதன் நிழலில் நின்றுவிடுகிறது.

இன்னொரு சங்கடம் எழுத்துக்கூட்டல். இரத்தினபுரி, இரத்னபுரி, ரத்தினபுரி. காவத்தை, கஹவத்த, கஹவத்தை. றக்குவானை, இறக்குவானை. எட்டியாந்தோட்டை, யட்டியாந்தோட்டை. சிங்களப் பெயரைத் தமிழில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதுகிறோம். போதாததற்குத் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம்ம சனம் கூப்பிடுவது வேறு பெயர். எந்தச் சொல்லின் மேல் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் தேடுபொறி பார்க்கிறது. ஆறு பேர் ஆறு எழுத்துக்கூட்டலில் சுட்டினால், ஒரே தோட்டம் ஆறு தோட்டமாகச் சிதறிப்போக இடமிருக்கிறது. இருக்கிற கொஞ்ச உறவும் ஒன்றுசேர்வதில்லை.

யார் நம் உறவு?

ஆக, லிங்க் வாங்கவில்லை என்று முடிவெடுத்தோம். ஆனால் வாங்க மாட்டோம் என்பதோடு நிறுத்தினால் பக்கம் உறவிலியாகவே கிடக்கும். எங்களைச் சுட்டக்கூடியவர்கள் யார் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம்.

எழுத எழுதத்தான் ஒன்று விளங்கியது. சப்ரகமுவ மக்களை வரலாறு நாலு திசைக்கும் விரட்டியிருக்கிறது. அந்த நாலு திசையிலும் இப்போது நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதாகவும் தீர்மானித்தது. மீதி 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போனவர்களுக்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ. கேரளாவில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் இறப்பர்த் தோட்டங்களில் குடியேற்றினார்கள். பால் வெட்டத் தெரிந்த கைகள் அங்கே தேவைப்பட்டன. கூடலூரில், கோத்தகிரியில், சுள்ளியாவில் இன்றைக்கும் ‘எங்க தாத்தா ரத்தினபுரி’ என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. வவுனியாவில் 1977, 1981, 1983 என்று வருடத்தைச் சொல்லியே வந்த கதையைத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், சங்கத்துக்கும் பள்ளிக்கும் தளம் வைத்திருக்கிறார்கள்.

அவர்களின் பக்கத்தில் ‘எங்கள் முன்னோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் ‘இலங்கை’ என்ற சொல்லுக்கு இப்போது இணைப்பு இல்லை. அந்தத் தோட்டத்தைப் பற்றி எங்களிடம் ஒரு பக்கம் இருந்தால் அவர்கள் சுட்டலாம். அவர்கள் போன பிறகு என்ன ஆனார்கள் என்பதை நாங்கள் அவர்களைச் சுட்டிச் சொல்லலாம். தேடுபொறிக்காகச் செய்யும் தந்திரம் இல்லை இது. அறுபது வருடமாக அறுந்து கிடக்கிறதை முடிச்சுப் போடுகிற வேலை. ரேங்க் ஏறினால் அது கூடக் கிடைக்கும் கொசுறு.

இரண்டாவது, செத்த இணைப்புகள். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்துக்குள் இல்லாமல் போய்விட்டன. 2009இல் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டபோது பலருடைய பக்கங்கள் ஒரேயடியாகப் போயின. மலையகம் பற்றிய பழைய பதிவுகளைத் திறந்து அதிலுள்ள இணைப்புகளை அழுத்திப் பாருங்கள். பல இடத்தில் ஒன்றும் வராது. அந்தப் பழைய பக்கத்தில் என்ன இருந்தது என்று இணைய ஆவணக் காப்பகத்தில் பார்த்து, அதே விஷயத்தை நாம் ஆதாரத்தோடு எழுதியிருந்தால், அந்தத் தளக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடலாம்: ‘ஐயா, உங்கள் கட்டுரையில் இந்த இணைப்பு வேலை செய்யவில்லை. இதே விஷயம் இங்கே இருக்கிறது.’ அவருக்கும் உதவி, நமக்கும் உதவி.

மூன்றாவது, நாமே சுட்டுவது. எங்கள் முதல் இருபது பக்கங்களைத் திரும்பப் பார்த்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. நூலகத்தில் படித்த புத்தகத்தின் பெயரை எழுதியிருக்கிறோம், இணைப்புக் கொடுக்கவில்லை. இன்னொரு மலையகத் தளத்தில் பார்த்த தகவலை எடுத்திருக்கிறோம், அங்கே போக வழி வைக்கவில்லை. வெளியே அனுப்பினால் ஆள் திரும்பி வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படிச் செய்தோம். எங்களை யாரும் சுட்டவில்லை என்று அழுத நாங்கள், எத்தனை பேரை உறவிலியாக விட்டிருக்கிறோம்! இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, எங்கிருந்து அறிந்தோம் என்று இணைப்போடு எழுதுகிறோம். ஊர்ப்பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு வரியில் போடுகிறோம், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் சனம் கூப்பிடும் பெயரையும் சேர்த்து.

இது மெதுவான வேலை. மூன்று வாரத்தில் முதல் பக்கம் வராது. நாற்பது கடிதம் போட்டதில் ஆறு பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர் கூடலூரிலிருந்து எழுதியிருந்தார். அவருடைய அம்மாயி 1970களில் றக்குவானையிலிருந்து கப்பலேறியவராம். ‘எங்க அம்மாயி சொல்ற தோட்டத்துப் பேர வெச்சு நாலு வருசமா தேடறேன், கிடைக்கவே இல்ல. நீங்க வெச்சிருக்கற பேர் வேற, ஆனா ஆத்தையும் கோயிலையும் சொல்லியிருக்கறத பாத்தா அதே எடம்தான்’ என்று எழுதியிருந்தார். தன் பக்கத்தில் எங்களுக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறார். அந்தத் தோட்டத்துக்கு அம்மாயி சொல்லும் பெயரை எங்கள் பக்கத்தில் சேர்த்துவிட்டோம்.

காவத்தைப் பக்கம் இன்னும் மூன்றாவது பக்கத்தில்தான் நிற்கிறது. வவுனியாவுக்கு இன்னும் கடிதம் போடவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இருந்து போனவர்களாக இருந்தால், அவர்கள் தோட்டத்தை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதி வைக்கிற இடம் தேடுகிறவர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும்.